கால் வீங்கினால் எதற்கு யூரின் டெஸ்ட்டும் எக்கோவும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. 14 வருடமாகச் சர்க்கரை நோய், கூடவே பி.பி. மூன்று மாதத்துக்கு முன், பி.பி. கட்டுப்படவில்லை என்று அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமில் இருந்து 10 மில்லிகிராமாக உயர்த்தினார்கள். இரண்டு மாதமாக மாலையானால் இரண்டு கணுக்கால்களும் வீங்கிவிடுகின்றன. காலையில் வடிந்துவிடுகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு மெடிக்கலில் நீர் மாத்திரை வாங்கி ஒரு வாரம் போட்டார். வீக்கம் குறையவில்லை, தலைசுற்றல்தான் வந்தது. இப்போது டாக்டர் யூரின், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்), கல்லீரல், தைராய்டு, ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கால் வீங்கினால் காலைத்தானே பார்க்க வேண்டும்? இத்தனையும் அவசியமா? சிலவற்றை மட்டும் முதலில் எடுக்கலாமா?
வாசகி, கடலூர்

பதில்: எடுக்கலாம். யூரின், கிரியாட்டினின், ஈ.சி.ஜி. மூன்றையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மற்றவற்றை இவற்றின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் எனக்கு அம்லோடிபின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஆனால் 14 வருடம் சர்க்கரை இருக்கும் ஒருவருக்கு, சிறுநீரகத்தையும் இதயத்தையும் பார்க்காமல் "மாத்திரையால் வந்த வீக்கம்" என்று சொல்லிவிட முடியாது. சொல்லவும் கூடாது. உங்கள் டாக்டர் செய்திருப்பது சரியான காரியம்.

காரணம் புரிய, உடம்பு தண்ணீரை எப்படி வைத்திருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பெரும்பங்கு செல்களுக்குள்ளே. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சுமார் 3 லிட்டர்தான். செல்களைச் சுற்றியுள்ள திசு இடைவெளியில் இன்னொரு பத்துப் பதினோரு லிட்டர். ரத்தத்துக்கும் இந்த இடைவெளிக்கும் நடுவே தண்ணீர் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருக்கிறது. தந்துகிகள் என்ற மிக மெல்லிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளும். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும். உப்புப் பிசறி வைத்த மாங்காய் தண்ணீர் விடுகிறதல்லவா, அந்த மாதிரி இழுப்பு. இதையும் மீறி வெளியே தங்கும் நீரை நிணநீர்க் குழாய்கள் சேர்த்தெடுத்து, கழுத்தடியில் இருக்கும் பெரிய சிரைகளில் (ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்கள்) கொண்டுபோய் விடும். தள்ளுவதும் இழுப்பதுமான இந்தக் கணக்கை 1896-ல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் எழுதி வைத்தார். கால் வீக்கத்தோடு வரும் ஒவ்வொருவரிடமும் இன்றும் நாங்கள் அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறோம். அழுத்தம் கூடியதா, ஆல்புமின் குறைந்ததா, வடிகால் அடைத்ததா, உடம்பில் மொத்தமாகவே உப்பும் நீரும் மிகுந்துவிட்டதா?

இப்படி மிஞ்சும் நீர் தாழ்ந்த இடத்துக்குப் போகும். நின்று நடமாடுகிறவருக்கு அது கணுக்கால். அதே கோளாறு படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வந்தால், கால் ஓரளவு சாதாரணமாக இருக்க, முதுகின் அடிப்பகுதி வீங்கும். ஆகவே கால் வீங்கியது என்பதால் கோளாறு காலில்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதலில் சிறுநீரகம். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் 5 லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு கையடக்க உறுப்புகளான சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் வடிக்கின்றன. அதாவது நம் உடம்பில் இருக்கும் 3 லிட்டர் பிளாஸ்மா தினமும் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் மாதிரி சிறுநீராக வெளியே போக, மற்றதெல்லாம் உப்போடும் குளுக்கோஸோடும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத கணக்கு இது.

நன்றாக இருக்கும் வடிகட்டி ஆல்புமினை ஏறக்குறைய முழுதாகத் தடுத்து நிறுத்திவிடும். வருடக்கணக்கில் சர்க்கரையும் பி.பி.யும் அதைத் தாக்கும்போது மெல்ல ஓட்டை விழுகிறது. முதலில் ஆல்புமின் துளித்துளியாகக் கசியும். அந்தக் கட்டத்தில் வலி, எரிச்சல், வீக்கம் எதுவும் இருக்காது. கசிவு ஒரு நாளைக்கு 3.5 கிராமைத் தாண்டும் அளவுக்குப் போனால் ரத்தத்தில் ஆல்புமின் இறங்கி உடம்பு வீங்கும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும். காலையில் எழுந்தவுடன் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். இந்த இரண்டும் அப்பாவுக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

யூரின் டெஸ்ட் எடுக்கும்போது "ஆல்புமின், கிரியாட்டினின் விகிதம்" என்று கேட்டு எடுங்கள். 30-க்குக் கீழே (மி.கி./கிராம் அளவில்) இருந்தால் நல்லது. 30-க்கு மேல் போனால் கசிவு தொடங்கிவிட்டது. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ கூட ஒரு தடவை கூட்டிக் காட்டும் என்பதால் மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். சாதாரண யூரின் டெஸ்ட்டில் "புரதம் இல்லை" என்று வந்தாலும் இது கூடியிருக்கலாம்.

கிரியாட்டினின் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் அந்த எண்ணை மட்டும் பார்த்து, பக்கத்தில் அச்சடித்திருக்கும் நார்மல் வரம்புக்குள் இருந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். தசை தரும் கழிவுதான் கிரியாட்டினின். தசை குறைவாக உள்ளவருக்கு எண் இயல்பிலேயே தாழ்ந்திருக்கும். இப்போது புழக்கத்தில் இருக்கும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 62 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.3 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 62 மில்லிலிட்டர் வரும். அதே வயதுப் பெண்ணுக்கு அதே 1.3 என்றால் 46 அல்லது 47தான். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். ஆகவே ரிப்போர்ட்டில் இந்த வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வரியைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் இதயம். இதயத்தின் வலது பக்கம், உடம்பு முழுவதிலிருந்தும் திரும்பி வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம், நுரையீரலில் இருந்து வருவதை வாங்கி உடம்புக்குத் தள்ளுகிறது. வலது பக்கம் தளர்ந்தால் ரத்தம் பின்னால் தேங்கி, கால் சிரைகள் வரை அழுத்தம் ஏறும், கால் வீங்கும். இடது பக்கம் தளர்ந்தால் தேக்கம் நுரையீரலில், மூச்சு வாங்கும். பெரும்பாலும் இடது பக்கம் முதலில் தளர்ந்து, அந்தச் சுமை தாங்காமல் வலது பக்கமும் பின்னாலேயே தளரும்.

இதில் சிறுநீரகமும் சேர்ந்துகொள்கிறது. இதயம் சோர்ந்து, வரும் ரத்தம் குறைந்தவுடன் சிறுநீரகம் உடம்பு வறண்டுவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து, அதன் வழியாக அட்ரினல் சுரப்பியிடம் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை வாங்கி, உப்பைப் பிடித்து வைக்கத் தொடங்குகிறது. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும்: ஏறக்குறைய 9 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர். இப்படி இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்த பிறகுதான் காலில் விரல் வைத்தால் குழி விழுகிறது. அதற்கு முன்பே எடை இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் இதய நோயாளிகளைத் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்க்கச் சொல்கிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடை இல்லை.

அப்பாவிடம் இன்றைக்கே ஒன்று கேளுங்கள்: ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? முன்பு ஒன்று வைத்தவர் இப்போது இரண்டு, மூன்று வைக்கிறாரா? தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? படுத்தவுடன் காலில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பும். தளர்ந்த இதயம் அதைச் சமாளிக்க முடியாமல் நுரையீரலில் தேக்கிவிடும். "ஆமாம்" என்றால் எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். "இல்லை", மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை, ஈ.சி.ஜி.யும் சரியாக இருக்கிறது என்றால் எக்கோவுக்கு அவசரம் இல்லை. இன்னொன்று, எக்கோவில் "இ.எஃப். 60 சதவீதம், நார்மல்" (இ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) என்று வந்துவிட்டால் இதயத் தளர்ச்சி இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. பி.பி., சர்க்கரை உள்ளவர்களின் இதயம் நன்றாகச் சுருங்கினாலும், விறைத்துப்போய் சரியாக விரியாமல் இருக்கலாம். மூச்சு வாங்கல் இருந்தால் டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

ஆல்புமினைத் தயாரிக்கும் ஒரே இடம் கல்லீரல். அது சுருங்கிப்போன நிலையில் வழக்கமாக வயிற்றில் நீர் கோத்த பிறகே கால் வீங்கும். வயிறு உப்பவில்லை, கண் மஞ்சளாகவில்லை என்றால் இந்தச் சந்தேகம் குறைவு. தைராய்டு குறைவால் வரும் வீக்கத்தில் அழுத்தினால் பெரும்பாலும் குழி விழாது. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை கூட இருக்கும். கால் சிரைகளின் வால்வு பழுதானாலும் மாலையில் வீங்கும். சிரைகள் சுருண்டு தெரியும், கணுக்காலுக்கு மேல் தோல் கருக்கும். நிணநீர்க் குழாய் அடைப்பில், யானைக்கால் உட்பட, பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிட அதிகமாக வீங்கும்.

இனி மாத்திரை. அம்லோடிபின், ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளை விரிக்கிறது, பி.பி. இறங்குவது அதனால்தான். ஆனால் மறுமுனையில் இருக்கும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரும் வழி அகலமாகி, போகும் வழி அப்படியே இருப்பதால் நடுவில் உள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் கணுக்காலில் கசிகிறது. உடம்பில் மொத்த உப்போ நீரோ கூடவில்லை. அதனால்தான் நீர் மாத்திரைக்கு இந்த வீக்கம் சரியாக வடியாது. இல்லாத உபரி நீரைப் பிழிந்தெடுக்கப் போனால் பி.பி. இறங்கித் தலை சுற்றும், பொட்டாசியமும் சோடியமும் குறையும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். 5 மில்லிகிராமில் வராத வீக்கம் 10-ல் வருவது மிகச் சாதாரணம்.

அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பி.பி. எகிறினால் அடி வாங்குவது அதே சிறுநீரகமும் மூளையும்தான். டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற ஒன்றைச் சேர்ப்பார். இவை சிரைப் பக்கத்தையும் விரிப்பதால் வீக்கம் குறையும், சிறுநீரகத்தில் ஆல்புமின் கசிவையும் குறைக்கும். இவற்றைத் தொடங்கும் முன்னும், தொடங்கிய ஓரிரு வாரத்திலும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். இப்போதே அந்த டெஸ்ட்டை எடுத்து வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பா போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பின்புறம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். சர்க்கரைக்கு மூன்று மருந்து சேர்த்த ஒரே மாத்திரை நம் ஊரில் நிறையப் பேர் போடுகிறார்கள். அதில் பயோகிளிட்டசோன் இருந்தால் அது உப்பையும் நீரையும் தேக்கும். இதயத் தளர்ச்சி இருப்பவருக்கு ஆகவே ஆகாது. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போடுகிறாரா? அவையும் உப்பைத் தேக்கும், சர்க்கரையால் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலினும் வீக்கம் தரக்கூடியது. அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பெயரை வாயால் சொல்வதைவிட அது நல்லது.

வீட்டு வைத்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவு வரும்வரை வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், தினசரி இளநீர் எதுவும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். உப்பைக் குறைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் பொருந்தும்: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் முக்காலி மேல் நீட்டட்டும். மாலையில் கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும். அழுத்தக் காலுறையை மட்டும் கடையில் நேராக வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் நாடித் துடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைப் போடலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படுக்க முடியாத அளவு மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், சிறுநீர் திடீரென மிகக் குறைவது, இவற்றில் எது வந்தாலும் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.