இலை யாருக்கு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அதிமுகவைப் போல ஒரு கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு என்று யார் முடிவு செய்வது?

தேர்தல் ஆணையம்தான். 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை, 15ஆம் பத்தி. எம்.எல்.ஏ., எம்.பி.க்களிலும் பொதுக்குழுவிலும் யார் பக்கம் அதிகம் பேர் என்று பார்ப்பார்கள். சட்டென்று முடிவு வராவிட்டால் எந்த அணிக்கும் தராமல் சின்னத்தை முடக்கிவிடுவார்கள்.

கேள்வி: 1989இல் சேவலுக்கு ஓட்டுப் போட்டதாக அப்பா சொல்கிறார். அப்படியா?

அப்படித்தான். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். சில நாட்களிலேயே அதிமுக, அவர் மனைவி ஜானகியின் அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டானது. கட்சிச் சின்னமான இரட்டை இலை முடங்கியது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. இலையையே வரைந்து பழகிய தொண்டர்கள், ஒரே தெருவில் எதிரெதிர்ச் சுவர்களில் சேவலும் புறாவும் எழுத வேண்டிய நிலை. சேவல் 27 இடங்களில் வென்றது, புறா 2 இடங்களில். ஜானகியே ஆண்டிபட்டியில் தோற்றார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு திமுக ஆட்சிக்கு வந்தது. அதன் பின்தான் ஜானகி ஒதுங்கினார், அணிகள் இணைந்தன, இலையும் திரும்பியது. மார்ச்சில் நடந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்கள் இரண்டிலும் இலை ஜெயித்தது. யார் தலைமை என்பதை அன்று வாக்காளர்கள் சொன்னார்கள். பிறகு வந்த சண்டைகளில் அந்த வாய்ப்பு அவர்களுக்கு முதலில் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

கேள்வி: 2017இல் 18 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்களே, தலைமையோடு ஒத்துப்போகாதது குற்றமா?

குற்றமில்லை. டி.டி.வி. தினகரன் பக்கம் இருந்த அந்த அதிமுக எம்.எல்.ஏ.க்கள், முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அதைக் கட்சியை விட்டு விலகியதாகக் கொண்டு சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அதே முதல்வரை எதிர்த்து வாக்களித்த ஓ.பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் பதவியில் நீடித்தார்கள். இந்த அதிகாரம் சபாநாயகர் கையில் இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். அதை மாற்றியாக வேண்டும்.

கேள்வி: என்னைப் போன்ற சாதாரண உறுப்பினருக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு உண்டா?

அதிமுக விதிப்படி உண்டு. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு ஒரு நிபந்தனை சேர்த்தது. போட்டியிடுபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் 10 பேர் வழிமொழிய வேண்டும். சரி, இருபது மாவட்டச் செயலாளர்களை ஒரு சாதாரண உறுப்பினர் எங்கே போய்ப் பிடிப்பார்? 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வரவே இல்லை.