பெயர் வேண்டாம்

வணக்கம் அக்கா,

மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆலோசனை வழிகாட்டலும் என் பொறுப்பு. தரம் 9 முதல் 11 வரையுள்ள பிள்ளைகளின் மனநிலையை அறிய ஒரு வினாக்கொத்து கொடுப்போம் என்கிறார் அதிபர். பெயர் எழுதச் சொன்னால் உண்மை வராது. சொல்லாவிட்டால் உதவி தேவையான பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெயர் வேண்டவே வேண்டாம். பெயரையும் போட்டு, வீட்டில் நிம்மதியில்லை என்று எந்தப் பிள்ளை எழுதும்? அதே பாடசாலையில் மாமியோ சித்தியோ டீச்சராக இருப்பார், எங்கள் ஊர்கள் அப்படித்தானே. உலக சுகாதார நிறுவனத்தின் மாணவர் சுகாதார ஆய்வு 2016இல் இலங்கையில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது. தனிமை, கவலையால் தூக்கம் வராமை, சக மாணவரின் தொந்தரவு எல்லாம் கேட்டார்கள். பெயர் மட்டும் கேட்கவில்லை.

ஆனால் பெயரை விட்டால் மட்டும் போதாது. ஆணா பெண்ணா, எந்த ஊர், தாய் வெளிநாட்டிலா என்று கட்டம் கட்டமாகக் கேட்டால், சம்பூரிலிருந்து வருகிற ஒரே பையன் யாரென்று உடனே பிடிபட்டுவிடும். தரம் மட்டும் போதும். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும், அதனால் வட்டமிடுகிற கேள்விகளாக வையுங்கள். வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும். பிள்ளைகளே தாளை மடித்துப் பெட்டிக்குள் போடட்டும். விருப்பமில்லாதவர் வெறுந்தாளைப் போடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்விகளைப் புதிதாக யோசித்து மண்டையை உடைக்கத் தேவையில்லை. மனநலனை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விச் சுட்டி (WHO-5) ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் சந்தோஷமாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, உற்சாகமாக இருந்தேனா, களைப்பில்லாமல் எழும்பினேனா, நாளாந்தம் செய்வதில் ஆர்வம் இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டி 4ஆல் பெருக்கினால் நூற்றுக்கு வரும். குறைந்த புள்ளி வந்தாலே நோய் என்று எடுத்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தாளால் தனிப் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது, பாடசாலையைத்தான் பார்க்கலாம். தரம் 11இல் பாதிப்பேர் களைப்போடுதான் எழும்புகிறார்கள் என்றால் டியூஷன் நேரத்தைப் பற்றிப் பெற்றோரோடு பேச வேண்டும். அதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை. தனிப் பிள்ளைக்கு வேறு வழி வையுங்கள். தாளின் அடியில் கிழித்து எடுக்கக்கூடிய ஒரு துண்டு. அதில் உங்கள் அறை, நீங்கள் இருக்கும் நேரம், சிறுவர் உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1929, மனநல உதவிக்கான இலக்கம் 1926. எல்லாரும் கிழித்து எடுத்துப் போகட்டும், அப்போது யாருக்குத் தேவை என்று மற்றவருக்குத் தெரியாது. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியை இதில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘ஆம்’ என்று வட்டமிட்ட பிள்ளை யாரென்று தெரியாமல் அன்றிரவு நீங்கள் என்ன செய்வீர்கள்?

அப்புறம் ஒன்று. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் படிவம் நிரப்பியே களைத்த மாவட்டம் இது. எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து, கண்டது இதுதான் என்று சொன்னது குறைவு. நீங்கள் ஒரு மாதத்துக்குள் காலைக்கூட்டத்தில் முடிவுகளைச் சொல்லுங்கள், மாற்றப்போகிற ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாற்ற ஒன்றுமே கையில் இல்லையென்றால் இந்த வருடம் கேட்காமலே விடுங்கள்.

பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தைத் தவிருங்கள். வினாக்கொத்து தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.