மாஸ்க் முதலில், சிலிண்டர் வேண்டவே வேண்டாம்: ஸ்கூபா சாமான் கேள்வி பதில்

ஸ்கூபா, அதாவது முதுகில் சிலிண்டர் கட்டி அதன் காற்றை இழுத்தபடி கடலுக்குள் முங்குவது. அதைப் பழகியவர்களும் பழகப் போகிறவர்களும் முதல் செட் சாமான் வாங்குவது பற்றிக் கேட்டவை இவை. நமக்குக் குளச்சல் பக்கம் ஊர், டைவிங் சொல்லிக்கொடுப்பது தொழில். கடை கிடையாது, எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்டும் இல்லை. அதனால் "வாங்காதீங்க" என்று சொல்வதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. சில இடத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, கோவளத்தில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடித்துவிட்டேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஒரேயடியாக முழு செட்டும் வாங்கிவிடலாமா? (நாகர்கோவில்)

கேரளத்துக் கோவளத்தைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நம்ம கன்னியாகுமரி பக்கமும் ஒரு கோவளம் இருக்கிறது, சென்னை பக்கமும் ஒன்று இருக்கிறது.

தம்பி, முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீரில் இருப்பீர்கள்? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நம் மேற்குக் கடலில் அப்போது இறங்குகிற பேச்சே கிடையாது. மீதி மாதங்களில் லீவு கிடைக்கிற நாளும் கடல் தெளிந்து கிடக்கிற நாளும் ஒத்து வரவேண்டும். ஆக, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தோதாக வாய்க்குக் கொண்டுவருகிற சாமான்) வாங்கினால் அது பெரும்பாலும் அலமாரியில்தான் தூங்கும். தூங்கினாலும் வருஷம் முடிந்ததும் சர்வீஸ் செலவு வந்து நிற்கும்.

உங்கள் முகத்துக்கும் காலுக்கும் மட்டுமே பொருந்துகிற சாமான் முதலில். அதாவது மாஸ்க், ஸ்நார்கெல் (மேல்மட்டத்தில் மூச்சுவிடும் குழாய்), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு). அடுத்து டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டுவது). அப்புறம் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு). இத்தனையும் வாங்கிய பிறகும் காசு மிஞ்சும், அதில் ஒரு நல்ல இடத்துக்குப் போய் நாலு டைவ் போட்டுவிட்டு வாருங்கள். பிசிடி (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்கிற ஜாக்கெட்), ரெகுலேட்டர் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று வகை போட்டுப் பார்த்தால் எது உங்களுக்குத் தோது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சிலிண்டரும், மூழ்குவதற்குக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டியும் வாங்கவே வேண்டாம். பெரும்பாலான டைவ் சென்டர்களில் டைவ் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். சொந்தச் சிலிண்டர் என்றால் நிரப்ப மூச்சுக்காற்றுக்கான கம்ப்ரசர் தேட வேண்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், நிரப்பியபடி விமானத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். டயர் கடைக் கம்ப்ரசரில் நிரப்பலாமே என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அந்தக் காற்றில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கலாம். ஆழம் போகப் போக அதன் விஷமும் ஏறும்.

மாஸ்க் எதைப் பார்த்து வாங்குவது? நான் கண்ணாடி போடுகிறவள். (தக்கலை, ஆசிரியை)

டீச்சர், விலையைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். கடையில் வாரை மாட்டாமல், மாஸ்க்கை மட்டும் முகத்தில் வையுங்கள். நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். மாஸ்க் கீழே விழாமல் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டும், அது சோதனை ஆகாது. அப்புறம் வாயில் ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியோ ஸ்நார்கெலோ வைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். வாய் விரியும்போது கன்னத்தில் மடிப்பு விழும், பல மாஸ்க் அங்கேதான் கசியும். மூக்கின் நடு எலும்பில் கண்ணாடிச் சட்டம் இடிக்கிறதா என்று பாருங்கள். கடையில் லேசாக இடிப்பது தண்ணீரில் அரை மணி நேரத்தில் தலைவலியாகிவிடும். வெளியிலிருந்து இரண்டு விரலால் மூக்கைப் பிடிக்க முடிய வேண்டும், இல்லையென்றால் காதில் ஏறுகிற அழுத்தத்தை எப்படிச் சமன் செய்வீர்கள்?

ஓரம் சிலிகானாக இருக்கட்டும். கண்ணாடி 'டெம்பர்ட்' (உறுதியாக்கியது) என்று பொறித்ததாக இருக்கட்டும். நீச்சல் குளத்துக் கண்ணாடி டைவிங்குக்கு ஆகாது. அது மூக்கை மூடாததால் உள்ளே அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லை, கண் ரத்தச் சிவப்பாகிவிடும்.

பார்வைக் குறைக்கு: பல மாடல்களில் அரை அரைப் பவராக ஏறுகிற ரெடிமேட் லென்ஸ் கிடைக்கும். தண்ணீருக்குள் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், உங்கள் பவருக்குச் சற்றுக் குறைந்த லென்ஸ் போட்டாலும் பலருக்குச் சரியாக வரும். கண் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதுகிற பவர் அதிகம் என்றால் மட்டும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் கம்ப்யூட்டர் எண்ணைப் படிக்க முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புது மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று தடவை. இதைச் செய்யாமல் "மாஸ்க் பனி மூடுது" என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் நிறைய.

மாஸ்க் கசியாமல் இருக்க மீசையை எடுக்கச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா? (மார்த்தாண்டம்)

மூக்குக்குக் கீழே ஓரத்தில் ஒரு விரல்கடை மட்டும் ஒதுக்கினால் போதும், சார். கொஞ்சம் சிலிகான் கிரீஸும் தடவலாம். வாசலின் தடவாதீர்கள், அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். அப்படியும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். மாஸ்க்கில் இருந்து தண்ணீரை ஊதி வெளியேற்றத்தான் கோர்ஸில் சொல்லித் தந்தார்களே!

ஃபின்ஸ் செருப்பு மாதிரி முழுக்காலும் நுழைவதா, பின்னால் வார் உள்ளதா? (ராஜாக்கமங்கலம்துறை)

படகிலிருந்து மட்டும் குதிப்பீர்கள் என்றால் முழுக்கால் போதும், கனமும் குறைவு. கரையிலிருந்து நடந்து இறங்குவதாக இருந்தால் வார் வைத்ததும், அதற்குள் போடுகிற பூட்டியும் (ரப்பர் காலணி). நம் கரையில் பாறையெல்லாம் சிப்பியும் கூரான ஓட்டுப்பூச்சியும் அப்பிக் கிடக்கும், வெறுங்கால் கிழிந்துவிடும். பூட்டியைப் போட்டுக்கொண்டுதான் ஃபின்ஸ் அளவு பார்க்க வேண்டும். மூச்சுப் பிடித்து முங்குகிறவர்களுக்கான ஒரு மீட்டர் நீள ஃபிரீடைவிங் ஃபின்ஸ் வேண்டாம். கடல்தரை மண்ணைக் கிளப்பி, பின்னால் வருகிறவன் கண்ணை மறைக்கும்.

அண்ணே, நாங்கள் கடியபட்டணம். என் தம்பி பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறான், மூச்சுப் பிடித்துத்தான். அவனுக்கு ஒரு பழைய சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கிக் கொடுத்தால் கூடுதல் நேரம் கீழே இருக்கலாம் இல்லையா?

பயிற்சி இல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். நன்றாக முங்கத் தெரிந்தவனுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் தம்பி மேலே இழுத்த மூச்சோடு கீழே போகிறான். 10 மீட்டரில் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். மூச்சைப் பிடித்துக்கொண்டே வந்தாலும் நுரையீரல் கிழியாது. அதுதான் அவன் உடம்பில் ஊறிய பழக்கம். சிலிண்டரிலிருந்து 10 மீட்டரில் இழுக்கிற மூச்சு அப்படி இல்லை. அங்கேயே நுரையீரல் நிறைய இருக்கிற காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காகும். பழைய பழக்கத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலேறினால் நுரையீரல் கிழிந்து, காற்று ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். இதற்குப் பெரிய ஆழம் தேவையில்லை, ஓர் ஆள் ஆழமே போதும். ஸ்கூபாவில் முதல் பாடமே 'மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே' என்பதுதான். அவனுக்கு நேர் எதிரான பாடம்.

அடுத்தது, அதிக நேரம் ஆழத்தில் இருந்தால் நைட்ரஜன் உடம்பில் கரையும். வேகமாக ஏறினால் அது குமிழியாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவரும். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் இதற்காகத்தான்.

அவனுக்கு வாங்கிக் கொடுக்க ஆசை என்றால், உள்ளே காற்று இடம் குறைவான நல்ல மாஸ்க் ஒன்று, கையுறை, மேலே மிதக்கவிட ஒரு மிதவை. நீவாடு (கடல் நீரோட்டம்) பலமாக இருக்கிற அன்றைக்கு மேலே ஓர் ஆள் பார்த்துக்கொண்டு நிற்பது இந்த மூன்றையும்விட நல்லது. தம்பிக்கு ஸ்கூபா படிக்கவே விருப்பம் என்றால் முறையாகப் படிக்கட்டும். அவனைப் போன்றவர்கள் தண்ணீரில் பதறாதவர்கள், நல்ல டைவ் கைடாக வருவார்கள்.

மஸ்கட்டில் வேலை. லீவுக்கு வரும்போது அங்கிருந்தே ரெகுலேட்டர் வாங்கி வரலாமா? யோக்கா, டின்னா? (இனயம்)

வாங்கலாம், ஆனால் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி: இதை யார் சர்வீஸ் செய்வார்கள்? ரெகுலேட்டரை வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை பிரித்து ஓ-ரிங்கும் சீட்டும் மாற்றச் சொல்லும் கம்பெனிகள் நிறைய. நீங்கள் எடுக்கிற மாடலின் சர்வீஸ் கிட்டும் (மாற்று உதிரிபாகத் தொகுப்பு), அதைப் பிரிக்கப் படித்த ஆளும் நீங்கள் இருக்கிற ஊரில் கிடைக்க வேண்டும். வேலை மஸ்கட்டில்தான் என்றால் அங்கே ஆள் இருக்கிற மாடலாக எடுங்கள். கிட் கிடைக்காத விலையுயர்ந்த ரெகுலேட்டரைவிட, கிட் கிடைக்கிற நடுத்தர மாடல் நூறு மடங்கு மேல்.

யோக் என்பது சிலிண்டர் வால்வின் மேல் கவ்விப் பிடிக்கும் வளையம், டின் என்பது உள்ளே திருகிச் செருகுவது. நம் நாட்டு டைவ் சென்டர்களில் பெரும்பாலும் யோக். இங்கே மட்டும்தான் டைவ் என்றால் யோக் வாங்குங்கள். நாலு நாடு சுற்றுவேன் என்றால் டின் எடுத்து, யோக்குக்கு மாட்டும் அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

'குளிர்நீர் மாடல்' என்று கூடுதல் காசு கேட்பார்கள். அது 10 டிகிரிக்கும் குறைந்த தண்ணீருக்கானது, நம் கடலுக்கு வேண்டாம். ஆனால் முதல் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதி) வெளித்தண்ணீர் உள்ளே புகாமல் அடைத்த வகை என்றால், குளிருக்காக இல்லாவிட்டாலும் மணலுக்காக யோசிக்கலாம். மணவாளக்குறிச்சி கருமணல் நுழையாத இடம் உண்டா?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லீவு தொடங்குவதற்கு முந்தின நாள் ஆசையாக டைவ் போட்டுவிட்டு ராத்திரி திருவனந்தபுரம் விமானம் ஏறாதீர்கள். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

டைவ் கம்ப்யூட்டர் அவசியமா? இன்ஸ்ட்ரக்டர் கையில்தான் இருக்கிறதே. (கருங்கல்)

அவர் கையில் இருப்பது அவர் உடம்பின் கணக்கு. நீங்கள் அவரைவிட இரண்டு மீட்டர் கீழே இருந்தால் உங்கள் கணக்கு வேறு. PADI என்கிற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணையில், மேலேறும் வழியில் கட்டாயமாக நின்று வரவேண்டிய நிலை வராமல் கீழே இருக்கக்கூடிய நேரம் 18 மீட்டருக்கு 56 நிமிஷம், 30 மீட்டருக்கு வெறும் 20 நிமிஷம். ஆழம் கூடினால் நேரம் எப்படிச் சரிகிறது பாருங்கள். இரண்டாவது டைவில் இதுவும் குறையும். முதல் கம்ப்யூட்டரில் எண் பெரிதாகத் தெரிய வேண்டும், பேட்டரியை நீங்களே மாற்ற முடிய வேண்டும், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) கணக்குக்கான வசதி இருக்க வேண்டும். வாட்ச் மாதிரி அழகாக இருப்பதும், சிலிண்டர் காற்றளவை வயர்லெஸ்ஸில் காட்டுவதும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பிசிடி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. (கன்னியாகுமரி)

முழுக்கக் காற்று ஊதி ராத்திரி வைத்துவிடுங்கள், காலையில் அதே விறைப்பு இருக்க வேண்டும். ஊதும் பொத்தானை அழுத்திவிட்டால் உடனே திரும்பி வருகிறதா பாருங்கள். உப்பேறி அது சிக்கிக்கொண்டால் நீங்கள் கேட்காமலே பிசிடி ஊதி உங்களை மேலே தூக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், கலங்கலாக உப்புக்கல் வந்தால் முந்தின சொந்தக்காரர் கழுவவில்லை என்று அர்த்தம். குழாயை வளைத்து, இணைப்பு ஓரம் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் எடுக்கலாம். பழைய ரெகுலேட்டருக்கு மட்டும் இந்தத் துணிச்சல் வேண்டாம்.

மகளுக்கு 12 வயது. அவளுக்கு முழு செட் வாங்கினால் எத்தனை வருஷம் வரும்? (குழித்துறை, ஓர் அம்மா)

அக்கா, ஒரு வருஷம் கூட வராது. மாஸ்க்கும் ஃபின்ஸும் மட்டும் வாங்குங்கள், கூட மெல்லிய வெட்சூட் ஒன்று. சின்ன உடம்பு சீக்கிரம் குளிரும், சொறி (ஜெல்லி மீன்) பட்டாலும் வெட்சூட் காப்பாற்றும். பெரியவர்களுக்கும் நம் பக்கம் 3 மில்லிமீட்டர் போதும்.

கடைசியாக, கத்தி வேண்டுமா? சினிமாவில் எல்லாரும் காலில் கட்டியிருக்கிறார்கள். (முட்டம்)

சுறாவோடு சண்டை போடவா? காலில் கட்டுகிற பெரிய கத்தி எதிலாவது சிக்குவதற்குத்தான் உதவும். ஆனால் வெட்டுவதற்கு ஒன்று கண்டிப்பாக வேண்டும். பாரில் (கடலடிப் பாறையில்) சிக்கி அறுந்துபோன தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. அதற்கு உள்ளங்கை அளவில் கொக்கி மாதிரி பிளேடு வைத்த லைன் கட்டர் போதும். எந்தக் கையும் எட்டுகிற மாதிரி பிசிடியின் நெஞ்சுப் பகுதியில் மாட்டுங்கள். அதோடு, மேலே வருமுன் ஊதி அனுப்புகிற ஆரஞ்சு நிறக் குழாய் மிதவை ஒன்றும் அதன் கயிறு சுற்றிய ஸ்பூலும் வாங்கிக்கொள்ளுங்கள். வள்ளமும் விசைப்படகும் ஓடுகிற கடலில் உங்கள் தலை மட்டும் தெரிந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. விமானத்தில் போகும்போது கட்டர் செக்-இன் பையில் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் பறிபோகும்.