இரண்டிலும் 4.4 கிகாஹெர்ட்ஸ்தான், எதை வாங்குவது?

கேள்வி: என் தம்பி கல்யாண வீடியோ எடிட் செய்கிறான். புது கம்ப்யூட்டருக்கு ஒரு கடையில் ரைசன் 5 5600ஜி போடுங்கள் என்கிறார்கள், இன்னொரு கடையில் இன்டெல் ஐ5-12400 என்கிறார்கள். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட் என்றே போட்டிருக்கிறது. எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் இன்டெல் செட் விலை அதிகம். அந்தக் கூடுதல் பணத்துக்கு வேகம் உண்டா? கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வாங்க முடியாது.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு, தம்பியின் கேமரா 10 பிட் 4:2:2 எச்இவிசி ஃபைல் (நிற விவரம் கூடுதலாக வைத்து, எச்.265 முறையில் சுருக்கிய வீடியோ) தருவதாக இருந்தால். முதலில் அவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

வெறும் பிராசஸர் பலத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம்தான். 5600ஜி 2021-இல் வந்தது, 12400 2022 ஜனவரியில் வந்தது. அதே 4.4 கிகாஹெர்ட்ஸில் 12400 ஒரு கிளாக் துடிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வேலை முடிக்கும். எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) 5600ஜியில் 16 எம்பி, 12400-இல் 18 எம்பி. இந்த வித்தியாசத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

விஷயம் பிராசஸருக்குள் இருக்கும் வீடியோ பகுதியில் இருக்கிறது. இன்று ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் சோனி ஏ7 4 போன்ற கேமராக்கள் 4:2:2-இல் பதிவு செய்கின்றன. 4:2:0-ஐவிட இதில் இரண்டு மடங்கு நிற விவரம் இருக்கும். அரக்குப் பட்டையும் சரிகையையும் கலர் கரெக்‌ஷனில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த ஃபைலைப் பிரித்துக் காட்டுவது பெரிய வேலை. 12400-இல் உள்ள யூஎச்டி 730 கிராஃபிக்ஸில் அதற்கென்றே தனி மின்சுற்று இருக்கிறது. 5600ஜியில் உள்ள வேகா கிராஃபிக்ஸில் 4:2:2-க்கு அது கிடையாது, எல்லாச் சுமையும் கோர்கள் மேல் விழும்.

மதுரையில் என் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நண்பர் ஒருவர் கொண்டுவந்த முகூர்த்த கிளிப்பை பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்த்தேன். 5600ஜியில் கெட்டிமேளம் தடையில்லாமல் கேட்கிறது, படத்தில் மாப்பிள்ளையின் கை தாலியோடு அப்படியே நிற்கிறது. சத்தம் மூன்று முடிச்சையும் தாண்டிப் போன பிறகு படம் குதித்து அட்சதைக்கு வருகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியூ கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 12400-இல் அதே கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. அங்கே ‘வீடியோ டீகோட்’ கோடு மேலே ஏறியது, சிபியூ நிம்மதியாக இருந்தது. நாள் முழுக்க டைம்லைனை முன்னும் பின்னும் இழுக்கிறவருக்கு இதுதான் வேகம்.

சோனியில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்இவிசி. எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264 என்ற பழைய சுருக்க முறை. எச்.264-இல் 4:2:2 10 பிட் எடுத்தால் 12400-உம் கை கொடுக்காது, பிராக்ஸி (எடிட் செய்வதற்கென்று எடுக்கும் லேசான நகல்) போட்டுத்தான் வெட்ட வேண்டும். தம்பி 8 பிட் 4:2:0-இல்தான் எடுக்கிறார் என்றால் 5600ஜியே தாராளம், மிச்சப் பணத்தில் எஸ்எஸ்டி பெரிதாக வாங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பில்லில் 12400 என்று மட்டும் இருக்க வேண்டும், பின்னால் ‘எஃப்’ இருக்கக் கூடாது. எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸே இல்லை. ஒரு ஸ்டுடியோவுக்கு விலை குறைகிறதே என்று 12400எஃப் போட்டு, தனியாக என்விடியா கார்டும் மாட்டிக் கொடுத்தேன். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகள் 4:2:2-ஐப் பிரிக்காது. அந்த மனிதர் ராத்திரி ராத்திரியாக பிராக்ஸி போட்டுக்கொண்டிருந்தார். பிறகு நானே போய் எஃப் இல்லாததை மாற்றிக் கொடுத்தேன். பின்னாளில் கார்டு வாங்கினாலும், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) உள் கிராஃபிக்ஸை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், 65 வாட் என்பதை நம்பி ஆகக் குறைந்த விலை மதர்போர்டு வாங்க வேண்டாம். 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும்போது அது தெரியும். ராம் 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக மாட்டுங்கள். எது வாங்கினாலும் இது பொருந்தும், 5600ஜிக்கு ரொம்பவே பொருந்தும், ஏனென்றால் அதன் கிராஃபிக்ஸ் ராமையே நம்பி ஓடுகிறது.

கேள்வி: அச்சகத்துக்கு டிசைன் வேலை செய்கிறேன். ‘ஜி’ இல்லாத 5600 போதுமா?
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: அதில் எல்3 கேஷ் 32 எம்பி, 5600ஜியைப் போல இரு மடங்கு. ஆனால் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. கார்டு மாட்டி கேம் ஆடுகிறவர்களுக்கு அது நல்லது. கோரல்டிராவும் போட்டோஷாப்பும்தான் உங்கள் வேலை என்றால் 5600ஜி வாங்குங்கள், கார்டுக்கு வைத்த பணத்தை நிறம் சரியாகக் காட்டும் மானிட்டருக்குப் போடுங்கள்.