எலக்ட்ரானை இழந்தால் ஏன் கூட்டல் குறி?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய், எனக்கே குழப்பம் வந்துவிட்டது. சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அதன் அயனிக்கு, அதாவது மின்சுமை பெற்ற அணுவுக்கு, +1 என்று எழுதுகிறார்கள். குளோரின் ஒன்றைப் பெறுகிறது, அதற்கு −1. வரவுக்குக் கூட்டலும் இழப்புக்குக் கழித்தலும்தானே முறை? எப்போதும் எலக்ட்ரானே போய் வருவதும், புரோட்டான் அசையாமல் இருப்பதும் ஏன்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அயனியின் மேல் இடப்படும் குறி, அணு எத்தனை துகள்களைப் பெற்றது, எத்தனையை இழந்தது என்பதைச் சொல்வதில்லை, அதில் இப்போது மிஞ்சியிருக்கும் நிகர மின்சுமையையே சொல்கிறது. புரோட்டான் எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 1836 மடங்கு நிறை கொண்டதாயினும், இரண்டின் மின்சுமையும் அளவில் துல்லியமாகச் சமம். குறி மட்டுமே எதிரானது. ஆகவே புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்தால் போதும். சோடியம் அயனியில் 11 புரோட்டான்களும் 10 எலக்ட்ரான்களும் இருப்பதால் விடை +1. குளோரைடு அயனியில் 17-க்கு 18 என்பதால் −1. மின்சுமையற்ற நியூட்ரான்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இருந்தாலும் உங்கள் குழப்பம் நியாயமானது. அதற்குப் பொறுப்பு வேதியியல் அன்று, வரலாறு. 1747-இல் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரத்தை ஒரே வகையான பாய்மமாகக் கருதி, அது மிகுந்திருக்கும் பொருளுக்கு நேர்க்குறியையும் குறைந்திருக்கும் பொருளுக்கு எதிர்க்குறியையும் வழங்கினார். தேய்க்கப்பட்ட கண்ணாடியில் அது மிகுந்திருப்பதாக அவர் கொண்டது வெறும் ஊகம்தான். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை இனங்கண்டபோது, இடம்பெயரும் துகளுக்கு எதிர்க்குறி வாய்த்திருந்தது. பட்டில் தேய்க்கும்போது கண்ணாடி உண்மையில் எலக்ட்ரான்களை இழக்கிறது. அதற்குள் குறியீடு எல்லா நூல்களிலும் ஊன்றிவிட்டதால் யாரும் அதை மாற்றவில்லை. பிராங்க்ளின் மறுபக்கம் ஊகித்திருந்தால், உங்கள் மகளின் பாடம் இன்னும் எளிதாக இருந்திருக்கும்!

புரோட்டான் அசையாததற்குக் காரணம், அது அணுக்கருவில் கட்டுண்டிருக்கும் வலிமை. சோடியத்தின் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைப் பிரிக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) போதும். அதே அணுவின் கருவிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்க 80 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். அடுப்பிலோ ஆய்வகக் குடுவையிலோ நிகழும் வினைகளில் அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும்? அப்படியே ஒரு புரோட்டான் போய்விட்டாலும், எஞ்சுவது சோடியம் அயனி அன்று. 10 புரோட்டான்கள் கொண்ட நியான். ஒரு தனிமம் இன்னது என்று நிர்ணயிப்பது அதன் கருவின் மின்சுமையே என்பதை, 1913-இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வுகளால் உறுதிப்படுத்தினார்.

“சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது” என்று பல நூல்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒரு மோல் (சுமார் 6 × 10²³) சோடியம் அணுக்களிலிருந்து தலா ஓர் எலக்ட்ரானை நீக்க 496 கிலோஜூல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோஜூல் மட்டுமே. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டி மிச்சமும் வைப்பது, எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் 787 கிலோஜூல் அளவிலான ஆற்றல். இரண்டாவது எலக்ட்ரானையும் எடுக்க முயன்றால் செலவு 4562 கிலோஜூலுக்குத் தாவிவிடுகிறது. உள்கூட்டிலிருக்கும் அதைக் கரு அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. சேர்மங்களில் சோடியம் +1-ஐத் தாண்டாததற்கு இதுவே காரணம்.

கேள்வி: அப்படியானால் இரும்புக்கு மட்டும் +2, +3 என்று இரண்டு அயனிகள் எப்படி?
— ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: இரும்புக்கு மட்டும் அன்று, செம்பு, மாங்கனீசு, குரோமியம் போன்ற பல உலோகங்களுக்கும் அப்படித்தான். இரும்பில் புரோட்டான்கள் எப்போதும் 26; எலக்ட்ரான்கள் 24 ஆக இருந்தால் +2, 23 ஆக இருந்தால் +3. சோடியத்தில் உள்ளது போன்ற செங்குத்தான தாவல் இங்கே இல்லாமல், அடுத்தடுத்த எலக்ட்ரான்களை நீக்கும் செலவு படிப்படியாக உயர்வதால், சூழலைப் பொறுத்து இரண்டு நிலைகளும் வாய்க்கின்றன. ஓர் எலக்ட்ரானின் வேறுபாடு அற்பமானது என்று நினைக்க வேண்டாம். இரத்தத்தின் ஹீமோகுளோபினில் +2 நிலையிலுள்ள இரும்பே ஆக்சிஜனைச் சுமக்கிறது. அது +3 ஆகிவிட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது. துருவில் இருப்பதும் +3 இரும்புதான்.

கேள்வி: உப்பு முழுவதும் அயனிகள் என்றால், அதைத் தொடும்போது மின்னதிர்ச்சி ஏன் ஏற்படுவதில்லை?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஒவ்வொரு +1-க்கும் அருகிலேயே ஒரு −1 இருப்பதால் கூட்டுத்தொகை சுழியாகிவிடுகிறது. சுமார் 6 கிராம் உப்பில் சோடியம் அயனிகளின் மின்சுமையை மட்டும் தனியே கூட்டினால் ஏறத்தாழ 10,000 கூலூம் (மின்சுமையின் அலகு) வரும். சாதாரண மின்னல் ஒன்று தரைக்குக் கொண்டுவருவதோ சில பத்து கூலூம்தான். அத்தனையையும் குளோரைடு அயனிகள் மிச்சமின்றிச் சமன் செய்துவிடுகின்றன. தண்ணீரில் கரைந்து அயனிகள் தனித்தனியாகப் பிரிந்த பிறகும் இந்தச் சமநிலை மாறுவதில்லை. ஆனால் அப்போது அவை நகர முடியும் என்பதால், மின்கலத்தோடு இணைத்த இரு கம்பிகளைக் கரைசலில் வைத்தால், சோடியம் அயனிகள் எதிர்முனையை நோக்கியும் குளோரைடு அயனிகள் நேர்முனையை நோக்கியும் செல்ல, கரைசல் மின்சாரத்தைக் கடத்துகிறது. படிகத்தில் அவை இடத்தைவிட்டு நகர முடியாததால், உலர்ந்த உப்பு கடத்துவதில்லை.