மலையே தொழிலாக

கேள்வி: கோத்தகிரியில் தாவரவியல் பட்டம் முடித்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துச் செல்வதையே தொழிலாக்கலாமா? என்ன பயிற்சி வேண்டும்?

பதில்: தாராளமாக. சோலைக்காட்டு மரத்தைப் பேர் சொல்லிக் காட்டத் தெரிந்தவர் இந்தத் தொழிலுக்குத் தேவை. உத்தராகண்ட் மாநிலத்தின் உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி சுமார் 4 வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைக்கு இடம்; போகுமுன்பே சுமைப்பையோடு மேடேறிப் பழகுங்கள். முதலுதவிச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள்.

நீலகிரியில் பிள்ளைகளை வாட்டுவது உயரத்தைவிட ஈரமும் காற்றும்தான். பருத்திச் சட்டை நனைந்தால் உடல்சூட்டை உறிஞ்சிவிடும். நடுக்கத்தோடு பேச்சும் குழறினால் உடல்சூடு ஆபத்தாகக் குறைகிறது என்று பொருள்; நடையை நிறுத்துங்கள். காற்றுப்படாத இடத்தில் ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த உடையும் கம்பளித் தொப்பியும் போடுங்கள்; விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். கை காலைத் தேய்க்கவே கூடாது. ஆளுக்கொரு மாற்றுடை, பிளாஸ்டிக் பையில் கட்டியது, கட்டாயம்.

வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டில் கால் வைக்காதீர்கள்.