“தாலி கட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்”

கேள்வி: நான் 27 வயதுத் திருநங்கை. சென்னையில் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் அமைப்பில், என்னை மகளாக ஏற்ற அம்மாவோடு இருக்கிறேன். கடை கேட்க, அதாவது கடை கடையாகக் காசு கேட்கப் போகப் பிடிக்காமல், கேமரா முன் பாலியல் காட்சி தரும் வெளிநாட்டு வெப்கேம் தளம் ஒன்றில் வேலை செய்கிறேன். புடவை, மல்லிகைப்பூ, பொட்டோடு வந்தால்தான் பார்ப்பவர்கள் காசுக்குப் பதிலாக அனுப்பும் டோக்கன் விழுகிறது. போன வாரம் ஒருவர் தாலி கட்டிக்கொண்டு வரச் சொன்னார். கூவாகம் நினைவுக்கு வந்து, கேமராவை அணைத்துவிட்டேன். இதே தளத்தில் பழக்கமான கொலம்பியத் தோழி, ‘அது வேஷம்தானே, போட்டுக்கொள்’ என்கிறாள். அவளுக்கு இருக்கும் தைரியம் எனக்கு ஏன் இல்லை? – பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்களிடம் தைரியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தோழி நிற்கும் இடம் வேறு, நீங்கள் நிற்கும் இடம் வேறு. கொலம்பியாவில் வெப்கேம் ஸ்டூடியோக்கள் வெளிப்படையாகவே நடக்கின்றன. கர்ப்பமானதால் வேலையிழந்த ஒரு பெண்ணின் வழக்கில், ஸ்டூடியோவில் வேலை செய்பவருக்கும் தொழிலாளர் உரிமை உண்டு என்று அந்நாட்டு அரசியல்சாசன நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. பிலிப்பைன்ஸில் இதே வேலை 2012-ன் சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, வெளிப்படையான பாலியல் காட்சிகளை இணையத்தில் அனுப்பினால் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. உங்கள் தோழிக்கு இந்தப் பயம் இல்லை.

சட்டத்தை விடுங்கள், தாலிக்கு வருவோம். சித்திரைப் பௌர்ணமியன்று கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அரவானின் மனைவியாகப் பூசாரி கையால் கட்டிக்கொண்டு, மறுநாள் அரவான் களப்பலியானதும் அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி, வாய்விட்டு அழுகிறீர்களே, அந்தத் தாலியைத்தான் அவர் கேட்டிருக்கிறார். கேட்டவருக்கு அது தெரிய நியாயமில்லை. ‘இந்தியா’ என்றதும் அவர் மனதில் வரும் நகைகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். கொலம்பியப் பெண்ணிடமும் அவள் நாட்டின் பெயரைச் சொல்லி ஏதாவது ஒரு வேஷம் கேட்கத்தான் செய்வார்கள். ஒருவேளை அவளுக்கு அது வெறும் துணியாக இருக்கலாம். உங்களுக்குப் புடவையே அப்படி இல்லையே! அக்காவின் தாவணியைக் கட்டிப் பார்த்ததற்காக அடி வாங்காத திருநங்கை நம் ஊரில் எத்தனை பேர்? அதைக் கட்டிக்கொண்டு உட்காரும்போது, திருநங்கைகளுக்கென்று ஒதுக்கிய பிரிவின் பெயரே பல தளங்களில் வசைச்சொல்லாக இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அதனால் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தாலி, சாமி, சடங்கு எதுவும் கிடையாது என்று உங்கள் அறிமுகப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கொஞ்சம் டோக்கன் குறையும், குறையட்டும்.

அப்புறம், உங்கள் அறையின் சுவரைப் பாருங்கள். ஜவுளிக்கடை கொடுத்த காலண்டர் தொங்குகிறதா? அதில் கடைப் பெயரோடு தெருப் பெயரும் அச்சாகியிருக்கும். இன்றைக்கே கழற்றிவிடுங்கள். இந்தியாவிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி தடுக்கும் வசதி பல தளங்களில் உண்டு. அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள். இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் செயலி வைத்து உள்ளே வரலாம், பார்ப்பவர் பதிவும் செய்யலாம். அந்தப் பதிவை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இணையதளம், படத்தை வாங்கிக்கொள்ளாமலே உங்கள் போனிலிருந்து அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணை மட்டும் எடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் அது பரவாமல் தடுக்க உதவும். போலீஸுக்குப் போகுமுன் 15100-க்கு அழைத்து இலவசச் சட்ட ஆலோசனை கேளுங்கள். நான் சொன்ன 67ஏ உங்கள் பக்கமே திரும்பிவிடக் கூடாது, அதற்குத்தான்.

அம்மாவுக்கு இந்த வேலை தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால், வேறு யாராவது செல்போனில் காட்டுவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். திட்டுவார், தண்டம் போட்டாலும் போடுவார். ஆனால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ராத்திரியென்றும் பாராமல் உங்களோடு காவல் நிலையத்துக்கு வரப்போவது அவர்தான்.